பசுமை மின் வழித்தடங்கள்: தமிழ்நாட்டில் மின்பாதைகளைத் திட்டமிடலும் நிதி திரட்டலும்

காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை, அது தேவைப்படும் நகரங்களுக்கும் தொழிற்பகுதிகளுக்கும் கொண்டு சேர்ப்பதற்கென அமைக்கப்படும் உயரழுத்த மின்பாதைகளும் துணை மின்நிலையங்களும் பசுமை மின் வழித்தடம் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் காற்றும் வெயிலும் மிகுந்த நிலப்பகுதிகள் பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் உள்ளன. மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் பகுதிகளில் ஒன்று சென்னையைச் சுற்றியுள்ள வடகிழக்குக் கடற்கரை. செங்கல்பட்டு மாவட்டமும் மாமல்லபுரம் கடற்கரையும் இந்த வடகிழக்கு முனையில் அமைந்தவை.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பற்றிப் பேசும்போது காற்றாலையும் சூரியத் தகடும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் அந்த மின்சாரம் செங்கல்பட்டில் ஒரு வீட்டுக்கு வந்து சேருமா என்பதை முடிவு செய்வது இடையிலுள்ள மின்பாதை. அதை எப்போது அமைப்பது, எவ்வளவு பெரிதாக அமைப்பது, செலவை யார் ஏற்பது ஆகிய மூன்று கேள்விகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை மிகுந்த கடற்கரை

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மறைமலைநகர், மகேந்திரா சிட்டி ஆகிய தொழிற்பகுதிகளும், சிறுசேரியின் மென்பொருள் பூங்காவும் தரவு மையங்களும், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இம்மாவட்டத்தின் மின் தேவையை உயர்த்தியுள்ளன. தரவு மையங்கள் பகல், இரவு என்ற வேறுபாடின்றி மின்சாரம் கேட்பவை.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இன்னொரு பெரிய தேவை. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட நிலையம் 2013 முதலும், 15 கோடி லிட்டர் திறன் கொண்ட இரண்டாவது நிலையம் 2024 முதலும் இயங்குகின்றன. அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுடன் மற்றொரு நிலையத்துக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எதிர் சவ்வூடுபரவல் முறையில் 1,000 லிட்டர் குடிநீர் பெற ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். இந்த அளவை வைத்துக் கணக்கிட்டால், நெம்மேலியின் இரு நிலையங்களும் முழுத் திறனில் இயங்கும் நாளில் 7.5 லட்சம் முதல் 10 லட்சம் யூனிட் வரை தேவைப்படும். பேரூரும் சேர்ந்தால் அது 19.5 லட்சம் முதல் 26 லட்சம் யூனிட்டாக உயரும். அதாவது ஏறத்தாழ 80 முதல் 110 மெகாவாட் மின்சாரம் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இக்கடற்கரையில் மின் உற்பத்தியும் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் தலா 220 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகளாக 1984, 1986 ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்திக்கு வந்தது. அதனருகே 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலை அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டை எட்டியது. அதில் சென்னைப் பெருநகரமும் அதன் புறநகர்ப் பகுதிகளும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே இப்பகுதி வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. அம்மின்சாரத்தை உள்ளே வாங்கிப் பிரித்தளிக்கும் வாயில்களாகப் பவர்கிரிட் நிறுவனத்தின் கலிவந்தபட்டு, மாநில நிறுவனத்தின் ஒட்டியம்பாக்கம் ஆகிய 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் செயல்படுகின்றன.

காற்றும் வெயிலும் உள்ள இடம்

தமிழ்நாட்டின் காற்று வளம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களால் உருவானது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களின் வழியே குவிந்து விரைந்து வருகிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதன்பின் முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டை, தேனி எனக் காற்றாலைகள் பரவின. சூரிய மின் உற்பத்தி தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் வளர்ந்தது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கியது.

காற்று ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வீசுவதில்லை. மே முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைக்கிறது. சூரிய மின்சாரம் பகலில் மட்டும் கிடைக்கிறது. எனவே இவற்றுக்கான மின்பாதை சில மாதங்களில் நிரம்பி வழியும், சில மாதங்களில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். அனல் மின் நிலையத்துக்கான மின்பாதைக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

உயரழுத்தம் எதற்காக?

ஆரல்வாய்மொழியிலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மின்சாரம் கம்பியில் செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. இந்த இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் அதே அளவு மின்திறனை அனுப்பப் பாதி மின்னோட்டம் போதும், இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரே வகைக் கம்பியில் ஒரே அளவு மின்திறனை 110 கிலோவோல்ட்டுக்குப் பதில் 400 கிலோவோல்ட்டில் அனுப்பினால் இழப்பு ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்காகிறது.

காற்றாலைகள் சிறிய அலகுகளாகச் சிதறிக் கிடப்பவை. அவற்றின் மின்சாரம் முதலில் 33 அல்லது 110 கிலோவோல்ட் பாதைகளில் சேகரிக்கப்படும். பல பாதைகள் ஒரு தொகுப்புத் துணை மின்நிலையத்தில் சேர்ந்து, அங்கு 230 அல்லது 400 கிலோவோல்ட்டாக உயர்த்தப்பட்டுத் தொலைவுக்கு அனுப்பப்படும். ஓடைகள் சேர்ந்து ஆறாவது போன்ற அமைப்பு இது. ஆற்றுக்கு ஒப்பான பெரிய பாதை இல்லையென்றால் ஓடைகள் எத்தனை இருந்தும் பயனில்லை.

நிலையம் முந்தியது, மின்பாதை பிந்தியது

ஒரு காற்றாலைப் பண்ணையையோ சூரிய மின் நிலையத்தையோ ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் அமைத்துவிடலாம். நீண்ட 400 கிலோவோல்ட் மின்பாதைக்கு வழித்தட ஆய்வு, ஒப்புதல்கள், நிதி, ஒப்பந்தம், நிலப் பயன்பாட்டு உரிமை, கட்டுமானம் எனப் பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டுகள் பிடிக்கின்றன. நிலையம் உறுதியான பிறகு மின்பாதையைப் பற்றி யோசித்தால், நிலையம் தயாராகி மின்பாதைக்காகக் காத்திருக்கும்.

தமிழ்நாட்டில் இதுவே நிகழ்ந்தது. 2000க்குப் பின் காற்றாலைகள் மிக விரைவாகப் பெருகின. மின்பாதைகள் அந்த வேகத்தில் வளரவில்லை. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாநிலம் கடும் மின்வெட்டில் தவித்த அதே காலத்தில், காற்று மிகுந்த வேளைகளில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. தெற்கில் மின்சாரம் வீணானது, வடக்கில் விளக்கு அணைந்தது. உபரி மின்சாரத்தைப் பிற மாநிலங்களுக்கு அனுப்புவதும் அப்போது எளிதாக இல்லை. தென்னிந்திய மின்கட்டமைப்பு, இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாக நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்திசைவாக இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

இப்படி உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது சட்டப் பிரச்சினையாகவும் மாறியது. காற்று, சூரிய மின்சாரத்தை மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்கு ஊறு வரும் நிலையில் அன்றி நிறுத்தக் கூடாது என்பது விதி. தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் உற்பத்தி குறைக்கப்பட்டது தொடர்பான வழக்கில், மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் காரணமின்றிக் குறைக்கப்பட்ட உற்பத்திக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். வாங்காத மின்சாரத்துக்கும் விலை உண்டு என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

திட்டமிடுவோர்

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. 2010 நவம்பர் 1 முதல் அது பிரிக்கப்பட்டு, மின்பாதைகளின் பொறுப்பு தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்திடம் (டான்டிரான்ஸ்கோ) வந்தது. 2024இல் மின் உற்பத்தி, பசுமை ஆற்றல், மின் பகிர்மானம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கழகங்கள் உருவாயின. மாநிலத்துக்குள் ஓடும் மின்பாதைகளை டான்டிரான்ஸ்கோ திட்டமிடுகிறது. அதன் முதலீட்டையும் கட்டணத்தையும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆய்ந்து ஒப்புதல் தருகிறது. மாநிலங்களுக்கு இடையேயான மின்பாதைகளை மத்திய மின்சார ஆணையமும் மத்திய மின் தொடரமைப்பு நிறுவனமும் திட்டமிடுகின்றன.

திட்டமிடுவோர் முதலில் எதிர்காலத் தேவையையும் உற்பத்தியையும் மதிப்பிடுகின்றனர். பின்பு பல நிலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கின்றனர். ஜூலை மாத நள்ளிரவில் காற்று முழுவீச்சில் அடிக்கும்போது என்ன ஆகும்? ஏப்ரல் மாத நண்பகலில் சூரிய உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது என்ன ஆகும்? மே மாத மாலையில் வெயில் மறைந்து, குளிர்சாதனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன ஆகும்? ஒவ்வொரு நிலையிலும், ஏதேனும் ஒரு மின்பாதையோ மின்மாற்றியோ திடீரெனப் பழுதானாலும் மற்றவை சுமையைத் தாங்க வேண்டும் என்பது அடிப்படை விதி. எனவே ஒரு பாதை போதும் என்று தோன்றும் இடத்திலும் இரண்டாவது பாதை தேவைப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிகைச் செலவாகத் தெரிவது பெரும்பாலும் இந்தப் பாதுகாப்புக்கான செலவே.

பசுமை மின் வழித்தடத் திட்டம்

காற்றாலையும் மின்பாதையும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் சிக்கலைத் தீர்க்க, பவர்கிரிட் நிறுவனம் 2012இல் பசுமை மின் வழித்தடங்கள் குறித்த அறிக்கை ஒன்றைத் தயாரித்தது. அதன் தொடர்ச்சியாக, மாநிலங்களுக்குள்ளான மின்பாதைகளுக்கான முதற்கட்டத் திட்டத்துக்கு 2015இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத், இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய எட்டு மாநிலங்கள் அதில் சேர்ந்தன. மொத்த மதிப்பீடு சுமார் 10,141 கோடி ரூபாய்.

தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் கீழ் ஆயிரம் சுற்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மின்பாதைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரே கோபுர வரிசையில் இரு மின்சுற்றுகள் சென்றால் ஒரு கிலோமீட்டர் தொலைவு இரண்டு சுற்று கிலோமீட்டர் எனக் கணக்கிடப்படும். தேனி மாவட்டத்தின் தப்பக்குண்டு, உடுமலைப்பேட்டைப் பகுதியின் ஆனைக்கடவு ஆகிய 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் காற்றாலைப் பகுதிகளின் மின்சாரத்தைத் திரட்டி வெளியே அனுப்பும் வழிகளாயின.

இரண்டாம் கட்டத்துக்கு 2022 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் சுமார் 10,750 சுற்று கிலோமீட்டர் மின்பாதைகளை அமைத்து, ஏறத்தாழ 20,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கட்டமைப்பில் சேர்ப்பது இதன் நோக்கம். மதிப்பீடு சுமார் 12,031 கோடி ரூபாய்.

மாநிலங்களுக்கிடையேயான திட்டங்களில் குறிப்பிடத்தக்கது, சத்தீஸ்கரின் இராய்கரையும் கரூர் மாவட்டத்தின் புகளூரையும் இணைக்கும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை. 6,000 மெகாவாட் திறனுள்ள இப்பாதை 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. காற்று இல்லாத காலத்தில் வடக்கிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரவும், காற்று மிகுந்த காலத்தில் தெற்கின் உபரியை வடக்கே அனுப்பவும் இது பயன்படும். ஒரே பாதை இரு திசையிலும் பயன்படுவதால் அது காலியாகக் கிடக்கும் நேரம் குறைகிறது.

நிதி எங்கிருந்து வருகிறது?

மின்பாதைகளுக்கான நிதி நான்கு வழிகளில் வருகிறது.

முதலாவது, அரசு மானியம். பசுமை மின் வழித்தட முதற்கட்டத்தில் செலவின் 40 விழுக்காடு தேசியத் தூய ஆற்றல் நிதியத்திலிருந்து மானியமாக வந்தது. நிலக்கரி மீது விதிக்கப்பட்ட வரியே அந்நிதியத்தின் வருவாய். நிலக்கரியிலிருந்து திரட்டிய பணம் காற்றுக்கும் வெயிலுக்கும் பாதை போட்டது எனலாம். இரண்டாம் கட்டத்தில் மத்திய அரசின் உதவி 33 விழுக்காடாகக் குறைந்தது.

இரண்டாவது, பன்னாட்டு வளர்ச்சி வங்கிகளின் கடன். முதற்கட்டச் செலவில் மற்றொரு 40 விழுக்காட்டை ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கி கடனாக அளித்தது. எஞ்சிய 20 விழுக்காட்டை மாநில நிறுவனங்கள் தம் பங்காக இட்டன. இதற்கு முன்பே 2012இல் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை, தமிழ்நாட்டின் மின் தொடரமைப்பை மேம்படுத்த 6,074 கோடி யென் கடனுக்கு ஒப்பந்தம் செய்தது. சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தின் தென்பகுதியில் உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தேவை மிகுந்த வடபகுதிக்குக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 45.1 கோடி டாலர் கடன் அளிக்க முன்வந்தது. செங்கல்பட்டு இந்த வழித்தடத்தின் வடமுனையில் இருப்பதால் இதன் பயன் இம்மாவட்டத்துக்கு நேரடியானது. இத்தகைய கடன்களுக்கு வட்டி குறைவு, தவணைக் காலம் நீண்டது. ஆனால் அயல்நாட்டுப் பணத்தின் மாற்று மதிப்பு உயர்ந்தால் திருப்பிச் செலுத்தும் தொகையும் உயரும்.

மூன்றாவது, உள்நாட்டுக் கடன். மின் நிதிக் கழகம், ஊரக மின்மயமாக்கல் கழகம் ஆகிய மத்திய நிதி நிறுவனங்கள் இதில் முதன்மையானவை. பொதுவாக ஒரு மின்பாதையின் செலவில் 70 விழுக்காடு கடன், 30 விழுக்காடு சொந்த முதல் என்பது ஒழுங்குமுறை ஆணையங்கள் ஏற்கும் விகிதம். இங்கே ஒரு முடிச்சு உள்ளது. டான்டிரான்ஸ்கோவின் வருவாய் பெரும்பாலும் மின் பகிர்மானக் கழகம் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. பகிர்மானத்தைக் கவனித்த கழகத்தின் கடனோ ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வாடிக்கையாளர் நலிந்திருந்தால் அவரை நம்பிக் கடன் கொடுப்பவரும் தயங்குவார்.

நான்காவது, போட்டி ஏலம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, ஒரு மின்பாதையை அமைத்துப் பராமரிக்க ஆண்டுதோறும் எவ்வளவு கட்டணம் வேண்டும் என்று நிறுவனங்கள் ஏலம் கேட்கும். குறைந்த கட்டணம் கேட்டவருக்குப் பணி கிடைக்கும். மாநிலங்களுக்கிடையேயான மின்பாதைகள் பல இம்முறையில் அமைகின்றன. அரசு தொடக்கத்திலேயே பெருந்தொகை போட வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் பாதை நிரம்பினாலும் காலியாக இருந்தாலும் ஒப்பந்தக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும்.

செலவு யார் தலையில்? ஒரு கணக்கு

எந்த வழியில் நிதி வந்தாலும், மானியம் தவிர்த்த தொகை இறுதியில் மின்கட்டணமாக நுகர்வோரிடமே வந்து சேரும். இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

1,000 மெகாவாட் திறனுள்ள மின்பாதை ஒன்றை அமைக்க 500 கோடி ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். வட்டி, தேய்மானம், பராமரிப்பு, இலாபம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 15 விழுக்காடு, அதாவது 75 கோடி ரூபாய் வசூலிக்க வேண்டும்.

காற்றாலை மின்சாரம் மட்டும் இப்பாதையில் சென்றால், ஆண்டு சராசரியில் அதன் திறனில் 30 விழுக்காடு பயன்படும் எனலாம். அப்போது ஆண்டுக்கு 262.8 கோடி யூனிட் செல்லும். பாதைச் செலவு யூனிட்டுக்குச் சுமார் 29 காசு. சூரிய மின்சாரமும் சேர்ந்து பயன்பாடு 45 விழுக்காடானால் அது 19 காசாகக் குறையும். 70 விழுக்காடு பயன்படும் அனல் மின் பாதையில் 12 காசு மட்டுமே ஆகும். ஆகவே பசுமை மின்பாதை யூனிட் கணக்கில் விலை கூடியது என்பது உண்மை.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். காற்றாலைகள் அமைந்துவிட்டன, மின்பாதை இல்லை. பழைய பாதைகள் முக்கால்வாசி மின்சாரத்தை ஏற்றுக்கொள்கின்றன, கால்வாசி வீணாகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 65.7 கோடி யூனிட் வீண். யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று கணக்கிட்டாலும் இழப்பு 197 கோடி ரூபாய். பாதை முற்றிலும் காலியாகக் கிடந்தாலே ஆண்டு நட்டம் 75 கோடிதான். பாதை இல்லாமையின் நட்டம் அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இக்கணக்கு சொல்வது இதுதான்: மின்பாதையை இரண்டு ஆண்டு முன்னதாக அமைத்துவிடும் தவறு, இரண்டு ஆண்டு தாமதமாக அமைக்கும் தவற்றைவிடச் செலவு குறைந்தது. ஆனால் இது வரம்பற்ற அனுமதி அன்று. காற்றாலைகள் வராமலேயே போகும் இடத்துக்குப் பாதை போட்டால், அந்த 75 கோடி ரூபாய் ஒவ்வோர் ஆண்டும் வீண்செலவு. மின்பாதைகளின் ஆயுள் 35 ஆண்டுகள் என்று கணக்கிடப்படுவதால் தவறான முடிவின் சுமையும் நீண்டது. எனவே எந்தப் பகுதியில் காற்றும் வெயிலும் நிலமும் உறுதியாக உள்ளன என்பதை முதலில் கண்டறிந்து, அப்பகுதிகளுக்கு மட்டும் முன்கூட்டியே பாதை அமைப்பது பொருத்தமான வழி.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இவ்வழியைப் பின்பற்றியது. 2005இல் இயற்றிய சட்டத்தின்படி காற்று மிகுந்த மண்டலங்களை அரசே தேர்ந்தெடுத்து, அங்கிருந்து நகரங்களுக்கு ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் மின்பாதைகளை அமைத்தது. 2014 தொடக்கத்தில் பணி முடிந்தது. ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவு மாநில மின்கட்டமைப்பின் எல்லா நுகர்வோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்தியாவிலும் மத்திய மின்சார ஆணையம் 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டம் இதே வகையில் அமைந்தது. 2030க்குள் 500 கிகாவாட்டுக்கும் மேற்பட்ட புதைபடிவம் சாரா மின்திறனை இணைக்க 2.44 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் மின்பாதைகள் வேண்டும் என்று அது மதிப்பிட்டது. தமிழ்நாடு, குஜராத் கடற்பகுதிகளில் அமையக்கூடிய 10 கிகாவாட் கடல் காற்றாலைகளுக்கான பாதைகளும் இதில் அடங்கும்.

நிலமும் இழப்பீடும்

மின்பாதைக்குப் பணத்தைவிடக் கிடைக்க அரியது நிலம். 400 கிலோவோல்ட் பாதைக்குச் சுமார் 46 மீட்டர், 765 கிலோவோல்ட் பாதைக்கு 65 மீட்டரை ஒட்டிய அகலமுள்ள வழி தேவை. நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, உரிமை உழவரிடமே இருக்கும். ஆனால் கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது, தென்னை போன்ற உயர்ந்த மரங்களை வளர்க்க முடியாது, நிலத்தின் விற்பனை மதிப்பும் குறையும். 2018ஐ ஒட்டிக் கொங்கு மண்டலத்தில் உயரழுத்த மின்கோபுரங்களுக்கு எதிராக உழவர்கள் நடத்திய போராட்டங்களின் அடிப்படை இதுவே. சாலையோரமாகப் புதைவடமாகக் கொண்டுசெல்லுங்கள், இழப்பீட்டை உயர்த்துங்கள் என்பவை அவர்களின் கோரிக்கைகள்.

மத்திய அரசின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் வழிக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் இழப்பீடாக இருந்தன. 2024 ஜூனில் வந்த புதிய வழிகாட்டுதல் கோபுர இடத்துக்கு 200 விழுக்காடு என்று உயர்த்தியது. கம்பி வழிக்கு 30 விழுக்காடு என்றும் பரிந்துரைத்தது. மாநிலங்கள் இவ்வழிகாட்டுதலை ஏற்றோ மாற்றியோ நடைமுறைப்படுத்தலாம். இழப்பீடு உயர்ந்தால் திட்டச் செலவு கூடும். ஆனால் எதிர்ப்பால் பணி ஓராண்டு நின்றால் ஆகும் நட்டத்தோடு ஒப்பிட்டே அதை எடைபோட வேண்டும். மேலும், நகரத்துக் குளிர்சாதனத்துக்குச் செல்லும் மின்சாரத்தின் சுமையை வழியிலுள்ள ஓர் உழவர் மட்டும் ஏற்க வேண்டும் என்பது நியாயமும் அன்று.

கடற்கரையின் தனிச் சிக்கல்கள்

மின்பாதையின் கடைசிச் சில கிலோமீட்டர்களே பல நேரங்களில் மிகக் கடினமானவை. மாமல்லபுரம் கடற்கரையில் இதைத் தெளிவாகக் காணலாம். இங்குள்ள சிற்பங்களும் கோயில்களும் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உள்ளன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். மேற்கே வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள் 2022 முதல் ராம்சார் ஈரநிலங்கள். பறவைகள் ஏரிக்கு ஏரி பறக்கும் வழியில் கம்பிகள் குறுக்கிடாதவாறு பாதையை வகுக்க வேண்டும், அல்லது பறவைகளின் கண்ணில் படும் குறிகளைக் கம்பிகளில் பொருத்த வேண்டும்.

கடற்காற்றின் உப்பு இன்னொரு தொல்லை. பீங்கான் மின்காப்பான்களின் மேல் உப்புப் படிந்து, பனி ஈரம் சேரும்போது அதன் வழியே மின்சாரம் கசிந்து பாதை துண்டிக்கப்படலாம். இதற்காகக் காப்பான்களை அடிக்கடி கழுவுகிறார்கள், அல்லது நீர் ஒட்டாத பாலிமர் காப்பான்களைப் பொருத்துகிறார்கள். புயலும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னையிலும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும் மின்கம்பங்களும் மின்கோபுரங்களும் சாய்ந்தன. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரையைக் கடந்தது. புயலைத் தாங்கும் கோபுரங்களும் புதைவடங்களும் இங்கு தேவை. புதைவடத்துக்கு மேல்நிலைப் பாதையைவிடப் பல மடங்கு செலவாகும் என்பதால், நெருக்கமான குடியிருப்புகளிலும் கடலோரத்திலும் மட்டும் அதைப் பயன்படுத்துவது வழக்கம்.

மின்பாதையின் தேவையைக் குறைக்கும் வழிகள்

எல்லாத் தேவைக்கும் புதிய மின்பாதைதான் விடை என்பதில்லை. பழைய கோபுரங்களிலேயே அதிக வெப்பத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றிப் பாதையின் திறனை உயர்த்தலாம். ஒரே தொகுப்பு நிலையத்தில் காற்றாலையையும் சூரிய மின் நிலையத்தையும் இணைத்தால், ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றது பாதையைப் பயன்படுத்தும். காற்றாலைக்கு அருகே மின்கலத் தொகுதியை வைத்தால் உச்ச உற்பத்தியைச் சேமித்துப் பாதை காலியாகும்போது அனுப்பலாம். கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் உள்ள 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம், உபரி மின்சாரத்தால் நீரை மேலேற்றித் தேவையான நேரத்தில் மின்சாரமாக மாற்றுகிறது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டமும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

செங்கல்பட்டு போன்ற மாவட்டத்தில் தொழிற்கூடங்களின் கூரைகளில் சூரியத் தகடு பொருத்துவது, தொலைவிலிருந்து வர வேண்டிய பகல்நேர மின்சாரத்தைக் குறைக்கும். நெம்மேலி போன்ற நிலையங்கள், நீர்த்தேக்கத் தொட்டிகள் இடம் கொடுக்கும் அளவுக்கு, மின்சாரம் மிகுந்த நேரத்தில் கூடுதலாகவும் மாலை உச்ச நேரத்தில் குறைவாகவும் இயங்கலாம். ஆனால் கூரைத் தகடுகள் இரவில் உதவா. மின்கலங்கள் சில மணி நேரத்துக்கு மட்டும் ஈடுகொடுக்கும், மாதக் கணக்கிலான பருவ வேறுபாட்டை அவற்றால் நிரப்ப இயலாது. தெற்கே காற்று வீசும் ஜூலை இரவில் அந்த மின்சாரம் செங்கல்பட்டுக்கு வர வேண்டுமானால் அதற்கு மின்பாதை வேண்டும். அந்தப் பாதைக்கான முடிவு, கோபுரம் எழுவதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.